தட்டை நிறைத்த லேப்டாப்

உட்காருங்கள் அக்கா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்த முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எழுந்து வரவில்லையே என்று தப்பாக நினைக்காதீர்கள், கை இரண்டும் கருவாடு. நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருக்கிறேன். பாதியில் எழுந்தால் பூனை முந்திக்கொள்ளும். தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து என் கையையே பார்க்கிறது பாருங்கள், திருட்டு முழி.

கௌசி சொல்லிவிட்டுத்தான் காலேஜுக்குப் போனது. "லேப்டாப் பாக்க ஒரு அக்கா வருவாங்க அத்தை. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், உங்களுக்குக் கூச்சமா இருக்கும். காப்பி குடுத்து, பெட்டியை எடுத்துக் காட்டுனா போதும். மத்ததை நான் வந்து பேசிக்கிறேன்" என்றது. காப்பி அந்தப் பிளாஸ்க்கில் இருக்கிறது. நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள். என் கை பட்டால் கருவாட்டுக் காப்பியாகிவிடும்.

பெட்டி அதோ, கட்டிலில் நீலப் பைக்குள். இரண்டு கையாலும் எடுங்கள், கனம் ஜாஸ்தி. மூடியைத் தூக்கிவிட்டு ஓரத்தில் இருக்கிற பொத்தானை அமுக்குங்கள். விளக்கு எரிகிறதா? சரி. இனி நாம் செய்ய ஒன்றும் இல்லை. அது கண் முழித்து எழுந்து உட்கார நேரமாகும். நான் இந்தக் கூறு பூராவும் கிள்ளி முடிப்பேன், அது அப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும்.

நான் பேசுகிற ஆள் இல்லை அக்கா. ஆறாவதோடு நின்றவள். குழாயடியில் என் குடம் நிறைந்து வழிந்தாலும் எடுக்கிறேன் என்று சொல்ல வாய் வராது. ரேஷன் கடையில் என் முறை வந்தால் பின்னால் நிற்பவளைப் பார்ப்பேன், அவள் முன்னால் போய்விடுவாள். ஆனாலும் நீங்கள் மகனுக்காக அவ்வளவு தூரத்தில் இருந்து ஸ்கூட்டரில் வந்திருக்கிறீர்கள். ஒன்றும் சொல்லாமல் பெட்டியை மட்டும் காட்டிவிட்டு நான் பாட்டுக்குக் கருவாட்டைக் கிள்ளிக்கொண்டிருந்தால் அது மரியாதையா?

மூடியில் ஒரு ஓரமாக மஞ்சளாகத் தெரிகிறதே, அதைத்தானே தேய்க்கிறீர்கள். போகாது. கௌசியும் என்னென்னவோ போட்டுத் துடைத்துப் பார்த்துவிட்டது. அழுக்கு இல்லை அது, சந்தனம். சீர்ப் பொருள் அக்கா இது. தாய்மாமன் சீர்.

உங்களிடம் சொல்லவில்லையா? மெமரி நாலுதான், மேற்கொண்டு ஏற்ற முடியாது, ஸ்டோரேஜ் குறைச்சல், டைப் அடிக்கத்தான் லாயக்கு என்று ஒன்று விடாமல் உங்களிடம் போனில் சொன்ன பிள்ளை, இதைச் சொல்லவில்லையா? மறந்திருக்கும். சின்னப் பிள்ளைதானே. நான் சொல்லுகிறேன்.

கௌசி என் நாத்தனார் மகள். என் வீட்டுக்காரருக்கு அக்கா, ஜெயக்கொடி என்று பெயர். நான் மதினி என்று கூப்பிடுவேன். உசிலம்பட்டியில் இருக்கிறார்கள். கௌசிக்கு இங்கே மதுரையில் கட்டடம் வரைகிற படிப்பு கிடைத்தது, எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிறது. நல்ல பிள்ளை. அதைப்பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. நான் சொல்ல வந்தது மதினியைப் பற்றி.

என் மகனுக்குக் காது குத்தினோம். இப்போது பால்வாடிக்குப் போகிறான், அப்போது கைப்பிள்ளை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும். என் அண்ணன் வீரணன் திருப்பூரில் இருந்து வந்தான். சாயப்பட்டறையில் வேலை. நகக்கண் எப்போதும் ஏதாவது ஒரு நிறமாக இருக்கும். எனக்கு அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்றால் அவன்தான். அவன் கொண்டுவந்தது ஒரே தட்டு. வெற்றிலை பாக்கு, பிள்ளைக்கு உடுப்பு, நடுவில் சின்னச் சிவப்பு டப்பா. டப்பாவுக்குள் சங்கிலியும் கடுக்கனும். அசல் தங்கம் அக்கா. சாயத்தில் நின்று நின்று சேர்த்தது.

மண்டபத்தில் அத்தனை சனம். மதினி முன்னால் வந்து தட்டை எட்டிப் பார்த்தார்கள். "என்னய்யா தாய்மாமா, ஒத்தைத் தட்டா? அதுவும் நிறையலையே" என்றார்கள். சரி, கேலி பேசுகிற முறைதான், பேசட்டும் என்று இருந்தேன். அதோடு விட்டார்களா? சமையல்காரரைக் கூப்பிட்டார்கள். "ஏப்பா, பந்திக்கு வச்ச பழத்தாரு இருக்குல்ல, அதுல சீப்புச் சீப்பா எடுத்துட்டு வா. மாமன் தட்டை நம்மளே நிரப்பிவிடுவோம். பாக்குறவங்க சிரிக்கக் கூடாதுல்ல."

பார்க்கிறவர்கள் அதற்குத்தான் சிரித்தார்கள்.

சீப்பை அடுக்கினார்கள். உடுப்பு மறைந்தது, வெற்றிலை மறைந்தது, டப்பாவும் மறைந்துபோனது. வீடியோவில் இன்னும் இருக்கிறது, பழம்தான் தெரியும். என் அண்ணன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான். காது குத்தி முடிந்ததும் என் கையில் கொடுத்துவிட்டு, "வரேன்த்தா" என்றான். பந்தியில் உட்காரவில்லை. கை நனைக்காமல் போனான் அக்கா. தாய்மாமன், கை நனைக்காமல். அதற்கப்புறம் இந்த வாசலை மிதிக்கவில்லை. தீபாவளி பொங்கலுக்குப் போன் போடுவான், அவ்வளவுதான். எனக்கு இருந்தது ஒரே ஒரு வாசல், அதை மதினி வாழைப்பழத்தை வைத்து அடைத்துவிட்டார்கள்.

நான் அழவில்லை. அந்தப் பழத்தையே எடுத்துப் பந்தியில் இலை இலையாக வைத்தேன். வைக்கும்போது மனதில் ஒன்று நினைத்துக்கொண்டேன். என்னவென்று கேட்காதீர்கள்.

இன்னும் சுற்றுகிறதா? சுற்றும், சுற்றும். காப்பி ஆறிவிடப் போகிறது.

அப்புறம் கௌசிக்குச் சடங்கு வந்தது. அது வயசுக்கு வந்தது எட்டாவது படிக்கும்போது. அப்போது கொரோனா, மண்டபம் எல்லாம் பூட்டிக் கிடந்தது. அப்புறம் பத்தாவது, பன்னிரண்டாவது என்று தள்ளிக்கொண்டே போய், காலேஜ் சேர்கிற நேரத்தில்தான் வைத்தார்கள். "காலேஜ் போற புள்ளைக்குத் தாய்மாமன் லேப்டாப் வைக்கணும்" என்று மதினியே முடிவு செய்துவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு அக்கா சொன்னால் வேதம். லோடு வண்டி ஓட்டுகிறவர். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் இறக்கியிருப்பார், அவ்வளவுதான் பழக்கம்.

சடங்குக்கு முன்னால் கௌசி இங்கே வந்திருந்தது. நான் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, அம்மாகிட்ட சொன்னா காதுல வாங்காது. மாமாகிட்ட சொன்னா மறந்துரும். நீங்க மனசுல வச்சுக்கங்க. மெமரி பதினாறு, ஸ்டோரேஜ் ஐநூத்திப் பன்னெண்டு. திரை சின்னதா இருந்தாலும் பரவால்ல" என்றது.

எனக்கு என்ன புரியும்? "ரெண்டும் ஒண்ணுதானடி" என்றேன்.

"இல்ல அத்தை. ஸ்டோரேஜ் பரண் மாதிரி. எல்லாத்தையும் கட்டிப் போட்டு வைக்கிறது. மெமரி அடுப்படி மேடை மாதிரி. பரண் எம்புட்டுப் பெருசா இருந்தாலும், மேடை சின்னதா இருந்தா ஒரு நேரத்துல எத்தனை பாத்திரம் வச்சு சமைப்பீங்க? நான் அதுக்குள்ள ஒரு முழு வீட்டையே கட்டணும். மெமரி பத்தலைன்னா செவரு எழும்பும், கூரை போடும்போது நின்னுரும்."

அப்படிச் சொன்னால் எனக்குப் புரிகிறது. யாரும் எனக்கு எதையும் அப்படிச் சொல்லித் தந்ததில்லை. பதினாறு, ஐநூத்திப் பன்னெண்டு என்று வாய்ப்பாடு மாதிரி என்னைச் சொல்ல வைத்தது. நானும் சொன்னேன். தப்பில்லாமல் சொன்னேன். கன்னத்தைக் கிள்ளி, "அத்தைதான் கெட்டி" என்று சிரித்தது.

மதினி, என் வீட்டுக்காரர், நான், இடுப்பில் பிள்ளை. எல்லோரும் டவுனுக்குப் போனோம். கௌசி வரவில்லை. சடங்குப் பிள்ளை சீர் வாங்கும்போது கூட வரக் கூடாது என்று மதினி சொல்லிவிட்டார்கள். மதினி கையில் ஒரு பெரிய மஞ்சள் பை. கடை வாசலில் காவலுக்கு நின்றவர் பையில் என்ன என்று கேட்டார். திறந்து காட்டினார்கள். வெண்கலத் தாம்பாளம்.

சிரிக்கிறீர்கள் அல்லவா? எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். லேப்டாப் வாங்கத் தாம்பாளத்தோடு போன ஆள் இந்த மதுரையில் மதினி ஒருத்தர்தான் இருப்பார்கள். சீர்த் தட்டில் வைத்தால் எப்படி இருக்கும் என்று அங்கேயே பார்த்துவிட வேண்டுமாம்.

கடையில் ஒரு பெண் பிள்ளை வந்து, "என்ன படிக்கிறாங்க மேடம்?" என்று கேட்டது.

"காலேஜு" என்றார்கள் மதினி.

"என்ன படிப்பு மேடம்?"

"பெரிய படிப்பு."

என் வீட்டுக்காரர்தான் கட்டடம் வரைகிற படிப்பு என்று சொன்னார். அந்தப் பெண் உடனே ஒரு சின்ன லேப்டாப்பை எடுத்து வந்தது. இதில் மெமரி பதினாறு, ஸ்டோரேஜ் ஐநூத்திப் பன்னெண்டு, வரைகிற படிப்புக்கு இதுதான் சரி என்றது. எனக்குத் திக்கென்று ஆகிவிட்டது. கௌசி வாயில் வந்த அதே எண், இந்தப் பெண் வாயிலும் வருகிறது.

மதினி அதை வாங்கித் தாம்பாளத்தில் வைத்தார்கள். எட்ட நின்று பார்த்தார்கள். "நாலு பக்கமும் தட்டு தெரியுதே. மண்டபத்துல பின்னாடி உக்காந்திருக்கவளுக்கு இது என்னன்னு தெரியும்? சிலேட்டுன்னு நினைப்பா" என்றார்கள். அப்புறம் அலமாரியில் இருந்த இதைக் கைகாட்டினார்கள். இதோ உங்கள் மடியில் இருக்கிறதே, இதைத்தான். வைத்தார்கள். விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தட்டே தெரியவில்லை. மதினி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "இதுதான்டா தம்பி."

அந்தப் பெண் சொல்லிப் பார்த்தது. இதில் மெமரி நாலுதான் மேடம், படம் பார்க்க, டைப் அடிக்கப் போதும், வரைகிறதுக்கு இழுக்காது என்றது. அப்புறமாக ஏற்றிக்கொள்ளலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். முடியாது சார், உள்ளே ஒட்டியே கொடுத்திருக்கிறார்கள் என்றது. விலையைக் கேட்டால் இதுதான் கம்மி. பார்வைக்கும் பெரிசு, விலையும் கம்மி. அவருக்கு வாயெல்லாம் பல். ஆனாலும் மனசு கேட்கவில்லை. "கௌசிக்கு ஒரு போன் போட்டுக் கேப்பமா அக்கா?" என்றார்.

"சடங்குப் புள்ளைகிட்ட சீரைச் சொல்லிட்டா செய்வாங்க? தட்டுல வரும்போதுதான் அது பாக்கணும்" என்றார்கள் மதினி.

அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பினார். "ஏ சோலை, கௌசி உன்கிட்ட என்னமோ சொல்லிக்கிட்டு இருந்துச்சே?"

மதினியும் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணம் ஆகி இத்தனை வருசத்தில் அன்றைக்குத்தான் அக்கா, ஒரு பொருள் வாங்கும்போது என் முகத்தைப் பார்த்தார்கள். "சொல்லுத்தா, நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டார்கள். எண் இரண்டும் என் நாக்கு நுனியில் நிற்கிறது. கண்ணில் தாம்பாளம். அந்தத் தாம்பாளம் எது என்று நினைக்கிறீர்கள்? என் அண்ணன் சீர் கொண்டுவந்தானே, அதேதான். தட்டை எங்களுக்கே விட்டுவிட்டுப் போயிருந்தான். மதினி தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் சொன்னேன், "தட்டு நிறையணும்ல மதினி."

அவ்வளவுதான் சொன்னேன். அதில் பொய் ஏதாவது இருக்கிறதா? மதினி சொன்ன வார்த்தையை மதினிக்கே திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். "பாத்தியா, வாயில்லாப் பூச்சிக்குக்கூடத் தெரியுது" என்று என் தோளைத் தட்டினார்கள். பில் போடும்போது அந்தக் கடைப் பெண் என் பக்கத்தில் வந்து, "அக்கா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க" என்று மெதுவாகச் சொன்னது. எனக்குத்தான் கூச்சமாயிற்றே. சிரித்துவைத்தேன்.

சடங்கன்று சீர் தூக்கி வந்தோம். கொட்டுமேளம், வேட்டு. மாமன் பெண்டாட்டி என்று இந்தத் தட்டை என் கையில்தான் கொடுத்தார்கள். மைக்கில் சொன்னார்கள், "தாய்மாமன் சீர், லேப்டாப்!" மதினி முன்னால் நடந்துகொண்டே, "பாத்துக்கங்க, தட்டே பத்தலை" என்று ஒவ்வொருத்தியிடமும் காட்டினார்கள். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள். மணையில் உட்கார்ந்திருந்த கௌசி என்னைப் பார்த்தது. தட்டைப் பார்த்தது. மறுபடியும் என்னைப் பார்த்தது. நான் குனிந்துகொண்டேன். சீர் தூக்கினால் குனிந்துதானே நடக்க வேண்டும்.

சடங்கு முடிந்து தனியாக இருக்கும்போது கேட்டது, "மாமாகிட்ட சொன்னீங்களா அத்தை?"

"சொன்னேன்டி. உங்க அம்மாதான் கேக்கலை" என்றேன்.

அது நிஜம்தானே. சொல்லியிருந்தாலும் மதினி கேட்டிருக்க மாட்டார்கள். சொல்லாமல் விட்டால் என்ன, சொல்லி விட்டால் என்ன, கணக்கு ஒன்றுதான். கௌசி அம்மாவிடம் போய்ச் சண்டை போட்டது. மதினி, "எவ சொன்னா? என்கிட்ட யாரும் சொல்லலை" என்று சத்தியம் செய்தார்கள். பெற்ற தாய் சத்தியம் செய்கிறாள், மகள் நம்பவில்லை. என்னை நம்பியது. இன்றைக்கும் தாயும் மகளும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மதினி என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "அவ சாப்ட்டாளா, அவ தூங்குனாளா" என்று அழுகிறார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். பாவமாகத்தான் இருக்கும். ஆனாலும் அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கும்.

திருப்பிக் கொடுக்கலாமே என்கிறீர்களா? சந்தனம் பூசி, மைக்கில் சொல்லி, ஊரே தொட்டுப் பார்த்த சீரைக் கடையில் கொண்டுபோய் மாற்றினால் தாய்மாமனை அவமானப்படுத்தின மாதிரி. மதினியே சொன்ன சட்டம். அவர்கள் போட்ட முடிச்சை அவர்களே அவிழ்க்க முடியவில்லை.

ஒருநாள் ஊரில் இருந்து பக்கத்து வீட்டு அம்மாளைக் கூட்டிக்கொண்டு மதினி இங்கே வந்தார்கள். வந்ததும் வராததுமாக, "சீர் கம்ப்யூட்டரைக் காட்டு கௌசி, அத்தாம் பெரிய வீட்டையே அதுக்குள்ள கட்டுதாம்ல" என்றார்கள். கௌசி எடுத்து வைத்துப் பொத்தானை அமுக்கியது. இதோ இப்போது சுற்றுகிறதே, இதே சுற்றல்தான். அந்த அம்மாள் காப்பி குடித்தார், முறுக்கு தின்றார், தன் மருமகள் கதையைச் சொல்லி முடித்தார். அது சுற்றுகிறது. உள்ளே காத்தாடி வேறு கிர்ரென்று இரைகிறது. "என்ன ஜெயக்கொடி, மாவு அரைக்குதா?" என்று அந்த அம்மாள் கேட்டார். மதினி முகத்தைப் பார்க்க வேண்டுமே நீங்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? எனக்கே ஆச்சரியம். "இன்னொரு காப்பி ஊத்தட்டுமா மதினி? நேரமாகும் போல இருக்கே" என்றேன்.

ஒரு வாய்ப் பேச்சுக்கு அவ்வளவு ருசி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது அக்கா.

அண்ணனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கடை, தாம்பாளம், சீர், சுற்றல், எல்லாம். சிரிப்பான் என்று பார்த்தேன். "எந்தப் புள்ள? அன்னைக்கு எனக்குச் சோத்துப் பொட்டணம் கட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடியாந்துச்சே, அந்தப் புள்ளையா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "அது என்னத்தா செஞ்சுச்சு உனக்கு?" என்றான். அவனுக்கு விவரம் பத்தாது. சாயத்திலேயே நின்று நின்று மூளை கரைந்துவிட்டது. அவனுக்காகத்தானே செய்கிறேன், அவனே இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? சரி, வைக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

இப்போது கௌசி உங்களை வரச் சொன்னதற்கு வருகிறேன். வருகிற வாரம் ஒரு முழு வீட்டையும் வரைந்து கொடுக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் ஒரு வருசம் போய்விடும் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். காலேஜில் கம்ப்யூட்டர் இருக்கிறது, சாயங்காலம் பூட்டிவிடுவார்கள். இதில் வரைந்தால் அது சொன்ன மாதிரியேதான், சுவர் எழும்புகிறது, கூரை போடும்போது நின்றுவிடுகிறது. மதினிக்கு வேறு ஒரு யோசனை. "வருசம் போனா போகட்டும், உசிலம்பட்டியில பி.காம் சேத்துவிட்டுர்றேன்" என்கிறார்கள். இதை உங்களிடம் கொடுத்துவிட்டால், அந்தப் பணத்தை முன்பணமாகக் கட்டி நாளைக்கே சின்னதை வாங்கிவிடலாம் என்று கௌசி கடையில் பேசி வைத்திருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. "மாமா சங்கடப்படும். உங்களுக்கு மட்டும்தான் அத்தை தெரியும்" என்றது.

எனக்கு மட்டும்தான் தெரியும்.

யோசித்துப் பார்த்தேன் அக்கா. நாளைக்குச் சின்னது வரும். கௌசி மளமளவென்று கூரையைப் போட்டுவிடும். மதினி வருவார்கள், "பாத்தியா என் மக சாமர்த்தியம்" என்பார்கள். தாயும் மகளும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். இந்தப் பெட்டி உங்கள் வீட்டுக்குப் போய்விடும். அப்புறம் எதைப் பார்த்து மதினி வாயை மூடுவார்கள்? என் அண்ணன் தட்டில் விழுந்த பழத்தை யார் எடுப்பது? இது இங்கேயே இருக்க வேண்டும். இந்தக் கட்டிலிலேயே, இவர்கள் வரும்போதெல்லாம் சுற்றிக்கொண்டு.

வந்துவிட்டதா? நான்தான் சொன்னேனே, வரும் என்று. என்ன படம் தெரிகிறது? கொஞ்சம் திருப்புங்கள். ஆமாம், என் மகன்தான். காது குத்திய அன்றைக்கு. அழுகிறான் பாருங்கள். கௌசி தன் போனில் எடுத்ததை இதில் வைத்திருக்கிறது. பின்னால் சட்டைக் கை தெரிகிறதே, அது என் அண்ணன். அந்த வீடியோவில் அவன் ஒரு இடத்தில்கூட இல்லை. மூடிவிடுங்கள் அக்கா. வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது.

உங்கள் நல்லதுக்குத்தான் சொல்லுகிறேன். எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. தாய்மாமன் சீர் வாசல் தாண்டி விலைக்குப் போனால், கொடுத்த வீடும் விளங்காது, வாங்கின வீடும் விளங்காது என்பார்கள். உங்கள் பக்கம் அப்படி இருக்கிறதோ என்னவோ. உங்கள் மகன் முதன்முதலாகக் காலேஜ் போகிற பிள்ளை. டைப் அடிக்க இது போதும்தான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. பொருளில் குற்றமே இல்லை. ஆனால் அடுத்த வீட்டுச் சந்தனம், அதுவும் தாயும் மகளும் அழுத சந்தனம், அதைப் பிள்ளை மடியில் வைத்துப் படிக்கலாமா? படிப்பு ஏறுமா? நான் படிக்காதவள், எனக்கு என்ன தெரியும். மனதில் பட்டதைச் சொன்னேன்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டீர்களே. அதுதான் சரி. பெற்றவளுக்குத் தெரியாதா? காப்பியைக் குடித்துவிட்டாவது போங்கள். குடிக்கவே இல்லையே.

கேட் சத்தம். கௌசிதான். இன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டது.

"அத்தை, ஸ்கூட்டர் நிக்குதே, அவங்க வந்துட்டாங்களா? கடைக்காரங்க நாளைக்கு ராத்திரி எட்டு மணி வரைக்கும் எடுத்து வைக்கிறேன்னு சொல்லிட்டாங்க அத்தை."

வந்திருக்காங்கடி, உள்ளதான் இருக்காங்க. அக்கா, நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மகன் வேறு ஒன்று பார்த்துவிட்டான் என்று சொல்லுங்கள். இல்லை, முகத்துக்கு நேரே வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் போனில் சொல்லுங்கள்.

"அத்தை, கொஞ்சம் வெளிய வாங்களேன். கையில சாமான் இருக்கு, செருப்பைக் கழட்ட முடியலை."

இதோ வரேன். என்ன அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்? மதினி மேலேதான் எனக்கு. அந்தப் பிள்ளை மேலே சத்தியமாக எனக்கு ஒரு கோபமும்...